தபால்பெட்டியில் வந்த சின்னச் சின்ன வேலைகள்

கொரியப் படம் பார்க்க ஆசை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் ‘இல் மாரே’யைத்தான் சொல்கிறேன். 2000 செப்டம்பரில் வந்த படம். இயக்கியவர் லீ ஹியுன்-சுங். நாயகி ஜுன் ஜி-ஹியுனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அடுத்த வருடமே ‘மை சாஸி கேர்ள்’ வந்து ஆசியா முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார். நாயகன் லீ ஜங்-ஜேயை ‘ஸ்க்விட் கேம்’ பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொடரில் பச்சை உடையில் ஓடிக்கொண்டிருந்தவரை இதில் மெலிந்த, அதிகம் பேசாத இளைஞனாகப் பார்ப்பதே ஒரு தனி அனுபவம்.

கதை இதுதான். கடலோரச் சேற்றுத்தரையில் தூண்களின் மேல் நிற்கிறது ஒரு வீடு. வீட்டின் பெயர்தான் இல் மாரே. 1999 டிசம்பரில் அதைக் காலி செய்யும் உன்-ஜு, அடுத்துக் குடிவருபவருக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு எழுதி வாசல் தபால்பெட்டியில் வைக்கிறாள். எனக்கு ஏதாவது தபால் வந்தால் இந்தப் புது முகவரிக்கு அனுப்பிவிடுங்கள், அவ்வளவுதான் விஷயம். அந்தக் கார்டு 1997 டிசம்பரில் அதே வீட்டுக்குக் குடிவரும் சுங்-ஹியுன் கையில் கிடைக்கிறது. அந்த வீட்டின் முதல் ஆளே அவன்தான். எனக்கு முன்னால் இங்கே யாருமே இல்லையே, இது யார், கார்டில் போட்டிருக்கும் தேதி ஏன் இரண்டு வருடம் தள்ளி இருக்கிறது என்று குழம்புகிறான். பதில் எழுதிப் பெட்டியில் போடுகிறான். அது அவளுக்குப் போய்ச் சேர்கிறது. அப்புறம் படம் முழுக்க அந்தப் பெட்டி வழியாகத்தான் போக்குவரத்து.

படத்தின் முடிவைப் பற்றியும் கடைசியில் பேசப்போகிறேன். தெரிந்துகொள்ள விருப்பமில்லாதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஓடும்.

காதல் படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேரும் கடிதத்தில் காதல் வசனம் எழுதுவது குறைவு. ஒருவருக்கொருவர் வேலை சொல்லிக்கொள்கிறார்கள். தபாலைத் திருப்பி அனுப்பு என்பது முதல் வேலை. அப்புறம் உன்-ஜு இன்னொன்று கேட்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ரயில் நிலையத்தில் ஒரு டேப் ரெக்கார்டரைத் தொலைத்துவிட்டேன். உனக்கு அந்த நாள் இனிமேல்தான் வரப்போகிறது. போய் எடுத்து வைக்க முடியுமா? அவன் போகிறான். அங்கே, தன்னை யாரென்றே தெரியாத உன்-ஜுவைப் பார்க்கிறான். அவள் ரெக்கார்டரை மறந்து வைத்துவிட்டுப் போவதைக் கண்ணால் பார்க்கிறான். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அவன் காதலில் விழுந்தது எப்போது என்று கேட்டால், சொன்ன வேலையைச் செய்யப் போன அந்த இடத்தில் என்பேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆராய்ச்சி வேலைக்காக நான் கொரியாவில் இஞ்சியோன் பக்கம் இருக்கிறேன். கணவர் தூத்துக்குடியில், கல்லூரியில் வேலை. இரண்டு ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நான் சாப்பிட்டுத் தூங்கப்போகும் நேரத்தில்தான் அவர் வீட்டுக்கு வந்து காபி போடுவார். வீடியோ காலில் தினமும் பேசத்தான் செய்கிறோம். ஆனால் தினமும் பேசினாலும் பேச்சு தேய்ந்துபோகிறது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழையா, இல்லை. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. பிரிந்திருக்கும் எல்லோருக்கும் இந்த ‘அப்புறம்?’ தெரிந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்தோம். தள்ளித் தள்ளி இருப்பவர்கள் சேர்ந்து படம் பார்க்க நாங்கள் கண்டுபிடித்த வழியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே ஆறு மணி. அதுதான் இருவருக்கும் தோதான நேரம். ஆளுக்கொரு திரையில் படத்தைத் திறந்து, முதல் காட்சியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, போனில் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்லி ஒரே நேரத்தில் ஓட விட வேண்டும். அதன் பிறகு போனை மியூட்டில் போட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு பக்கத்துச் சத்தம் மறு பக்கம் எதிரொலித்துத் தலைவலி. நடுவில் பேச வேண்டுமென்றால் இரண்டு பேரும் நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்துக்கென்று தனியாக இரண்டு யோசனை. ஒரு தாளில் இடப்பக்கம் ‘சுங்-ஹியுன் – 97, 98’ என்றும் வலப்பக்கம் ‘உன்-ஜு – 99, 2000’ என்றும் எழுதிக்கொண்டு, எந்தக் கடிதம் எந்தப் பக்கத்திலிருந்து போகிறது என்று குறித்துக்கொண்டே போனால் குழப்பம் வராது. அடுத்தது, கடிதங்களைப் பெரும்பாலும் குரலாகத்தான் கேட்கிறோம். திரையில் தெரியும் ஆள் ஒருவர், பேசும் குரல் இன்னொருவருடையது. சப்டைட்டிலை மட்டும் படித்தால் யார் பேசுகிறார்கள் என்று தவறிப்போகும். ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆண் குரலா பெண் குரலா என்று கவனியுங்கள், மொழி தெரியாவிட்டாலும் போதும். உன்-ஜுவுக்குத் தொழிலே பின்னணிக் குரல் கொடுப்பது. அந்தக் குரலைக் கேட்காமல் பார்ப்பது பாதிப் படம் பார்த்த மாதிரி.

2006-இல் கீனு ரீவ்ஸும் சாண்ட்ரா புல்லக்கும் நடித்து ஹாலிவுட்டில் இதை மறுபடி எடுத்தார்கள். அதை முதலில் பார்க்காதீர்கள். மோசமான படம் இல்லை. ஆனால் அதில் வீடு இருப்பது ஏரிக்கரையில். ஏரித் தண்ணீர் அப்படியே நிற்கும். கொரியப் படத்தில் வீட்டுக்கு அடியில் கடல் வருகிறது, போகிறது; ஒரு காட்சியில் தண்ணீர், அடுத்த காட்சியில் வெறும் சேறு. ஒரே இடம் இரண்டு நேரத்தில் இரண்டு விதமாக இருப்பதை யாரும் விளக்காமலே கண் பார்த்துவிடுகிறது. இந்தக் கதைக்கு அது எவ்வளவு தேவை என்பது ஏரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஆய்வகத்தில் அலுவலக வேலை பார்க்கும் கொரிய அம்மா ஒருவரிடம் இந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் முதலில் கேட்டது, “அவன் இருப்பது 97 டிசம்பர்தானே?” என்று. எனக்கு அது வெறும் தேதி. அவருக்கு அப்படி இல்லை. 1997 நவம்பரில் கொரியா சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டது, டிசம்பர் தொடக்கத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கம்பெனிகள் வரிசையாக மூடின. வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல் காலையில் கோட்டு டை போட்டுக்கொண்டு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்திருந்த அப்பாக்களைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 1998 ஜனவரியில் நாட்டுக் கடனை அடைக்க மக்களே வீட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுமார் 35 லட்சம் பேர், சுமார் 227 டன் தங்கம். “எனக்கு முதல் பிறந்தநாளுக்குப் போட்ட மோதிரத்தை அம்மா எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டாள்” என்றார் அந்த அம்மா. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத் தங்க மோதிரம் போடுவது இங்கே வழக்கம்.

படம் இந்த நெருக்கடியைப் பேச எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 2000-இல் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு வருட இடைவெளி என்னவென்று நன்றாகவே தெரிந்திருக்கும். 1997-இன் இருட்டில் நிற்கும் ஒருவனுக்கு 1999-இன் முடிவிலிருந்து ஒருத்தி, புது வீட்டுக்குப் போகிறேன், தபாலை அனுப்பிவிடு என்று சாதாரணமாக எழுதுகிறாள். நாளை என்று ஒன்று இருக்கிறது, அதிலும் ஆட்கள் வீடு மாற்றிக்கொண்டு தபாலுக்குக் காத்திருக்கிறார்கள் என்பதே அவனுக்குச் செய்திதான். அந்த அம்மா பேசிய பிறகு படத்தை இன்னொரு முறை பார்த்தேன். முதல் கார்டுக் காட்சியிலேயே கண் கலங்கிவிட்டது.

அதே 2000-இல், இல் மாரேக்குச் சில மாதம் முன்னால், ‘டிட்டோ’ என்று இன்னொரு கொரியப் படம் வந்தது. அதில் 1979-இல் இருக்கும் ஒரு பெண்ணும் 2000-இல் இருக்கும் ஒரு பையனும் ஹாம் ரேடியோவில் பேசிக்கொள்கிறார்கள். அதன் சோகம் வேறு மாதிரி. இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் நடுவில் சில நாள் இடைவெளி விடுங்கள். ஒன்றின் கனம் மற்றதன் மேல் ஏறிவிடும்.

படத்தைப் பார்த்து நாங்கள் எடுத்துக்கொண்டது வேலை சொல்லும் பழக்கத்தைத்தான். எனக்கு விசா நீட்டிப்புக்காகப் பழைய பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் சான்று முத்திரை, வாங்க வேண்டியிருந்தது. சான்றிதழ் ஊரில் பீரோவில். வழக்கமாக இருந்தால் ‘எடுத்து கூரியர் பண்ணிடுங்க’ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். இந்த முறை, “என்னங்க, பீரோவைத் திறந்தா அதுல வேற என்னவெல்லாம் இருக்குன்னு எழுதி அனுப்புங்களேன். போன்ல சொல்ல வேணாம்” என்றேன். “பீரோவுல என்னம்மா இருக்கும்?” என்று சிரித்தார். ஆனால் எழுதினார். கோடு போட்ட தாளில், நான்கு பக்கம்.

சான்றிதழ் மேல் தட்டில் இல்லை, அத்தையின் பட்டுப் புடவைக்கு அடியில் மஞ்சள் பைக்குள் இருந்தது. அதே பையில் எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சிய ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் இற்றுப்போய்த் தாளோடு ஒட்டிக்கொண்டு. நான் கல்லூரிக்குப் போன காலத்துப் பஸ் பாஸ்; போட்டோவில் காது மட்டும் தெரிகிறது, முகம் அழிந்துவிட்டது. கீழ்த்தட்டில் எலி கடித்த ஒரு ஸ்வெட்டர், கொரியா போகிறாய் என்று அத்தை பின்ன ஆரம்பித்து ஒரு கையோடு நிறுத்தியது. அந்த ஸ்வெட்டரைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. அத்தையும் சொல்லவில்லை. நூறு வீடியோ காலிலும் அது வந்திருக்காது, ஏனென்றால் அதைக் கேட்க எனக்குக் கேள்வி இல்லை, சொல்ல அவருக்குக் காரணம் இல்லை.

ஆகவே பிரிந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எப்படி இருக்கிறாய் என்று கேட்பதை விட, இன்ன இடத்துக்குப் போய் இன்னதைப் பார்த்துவிட்டு எழுது என்று சொல்லுங்கள். மாடித் தொட்டிச் செடி, பழைய சைக்கிள் கடை, தெருமுனையில் புதிதாக வந்த ஆள், எதுவாகவும் இருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டு வருபவரிடம் சொல்ல விஷயம் தானாகச் சேர்ந்துவிடும்.

இனி அந்தக் கடற்கரை. படத்தில் வரும் வீட்டைப் படப்பிடிப்புக்காக இஞ்சியோனைச் சேர்ந்த கங்ஹ்வா பகுதியில், சொங்மோடோ என்ற தீவின் கரையில் கட்டினார்கள். வீடு இப்போது இல்லை. அது தெரிந்தேதான் போனேன். நீங்களும் வீட்டைத் தேடிப் போகாதீர்கள். கடல் ஏறி இறங்குவதைப் பார்க்கப் போங்கள். அது அப்படியே இருக்கிறது.

தூத்துக்குடிக்காரியான எனக்குக் கடல் புதிதில்லை. ஆனால் நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இஞ்சியோன் கரையில் பெரிய ஓத நாட்களில் அது ஒன்பது மீட்டர் வரை போகும். மூன்று மாடி உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் காணாமல் போகிறது. அதனால் இங்கே எந்த நாளில் போகிறோம், எந்த மணிக்குப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. கொரியக் கடலியல் நிறுவனம் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஏற்றம், வற்று நேரத்தை இணையத்தில் போட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். தினமும் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது.

நாளைத் தேர்ந்தெடுக்க நம் தினசரி காலண்டரே போதும். பௌர்ணமியோ அமாவாசையோ கழிந்த ஓரிரு நாளில் இந்தக் கரையில் நண்பகல் வாக்கில் கடல் நன்றாக வற்றியிருக்கும், மாலை ஆறு, ஆறரைக்கு நிறைந்திருக்கும். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். சூரியன் மறைவதும் மேற்குக் கரை என்பதால் கடலுக்கு மேல்தான். ஊருக்குப் போன் போட்டு, “அத்தை, இந்த மாசம் பௌர்ணமி என்னைக்கு?” என்று கேட்டுத்தான் நாள் குறித்தேன். எதற்கு என்று கேட்டார்கள். கடல் பார்க்க என்றேன். “அங்கயும் அதே நிலாதானே” என்றார்கள்.

மே மாதக் கடைசியில், ஆய்வகத்தில் பி.எச்டி. படிக்கும் தமிழ்ப் பையன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கங்ஹ்வா பேருந்து நிலையம், அங்கிருந்து தீவுக்குள் போகும் பேருந்து. முன்பெல்லாம் வேபோ-ரி துறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். படகைத் துரத்தி வரும் கடற்காக்கைகளுக்குச் சேவுக்காங் என்ற இறால் பொரியைத் தூக்கிப் போடுவதுதான் அந்தப் பயணத்தின் விசேஷம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2017-இல் பாலம் திறந்துவிட்டதால் இப்போது பஸ் நேராகவே போய்விடுகிறது. வசதிதான்.

சில விஷயங்களை மனதில் வையுங்கள். கொரியாவில் கூகுள் மேப்பை நம்பிப் பேருந்து பிடிப்பது கஷ்டம். நேவர் மேப்போ காகாவோ மேப்போ போனில் இருக்கட்டும். தீவுப் பேருந்துகள் நகரத்துப் பேருந்து மாதிரி அடுத்தடுத்து வராது. இறங்கியவுடன் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கடைசி வண்டி எப்போது என்று பார்த்துவிடுங்கள். மாலை ஏற்றம் வரை நிற்கப்போகிறீர்கள் என்றால் இது மிக முக்கியம். பேருந்துக் கட்டணத்துக்கான டி-மனி கார்டில் பணம் இருக்கட்டும். மே மாதம் என்றாலும் வெயில் இறங்கியதும் காற்று குளிரும், ஒரு ஜாக்கெட் அவசியம்.

நண்பகலில் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பையன் நின்ற இடத்திலேயே, “அக்கா, கடல் எங்க?” என்றான். கண்ணுக்கு எட்டிய வரை ஈரச் சேறு. சாம்பல் நிறம், நடுநடுவே நரம்பு ஓடுகிற மாதிரி சின்ன ஓடைகள். மீன்பிடிப் படகு ஒன்று தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, அதன் நங்கூரக் கயிறு சேற்றில் புதைந்திருந்தது. குனிந்து பார்த்தால் சேறு முழுக்கப் பொத்தல். நிழல் பட்டவுடன் நண்டுகள் உள்ளே ஓடின. அசையாமல் சிறிது நேரம் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வந்து சேற்றை அள்ளி அள்ளி வாயில் வைத்துக்கொள்கின்றன. கங்ஹ்வாவின் இந்தச் சேற்றுக்கரைகளையும், கறுப்பு முகக் கரண்டிவாயன் பறவை குஞ்சு பொரிக்கும் இடங்களையும் கொரிய அரசு இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்ததும் படம் வந்த அதே 2000-இல்தான்.

அந்தச் சேற்றில் இறங்க ஆசை வரும். இறங்காதீர்கள். உளை எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது, முழங்கால் வரை போய்விட்டால் காலை எடுப்பது பெரிய பாடு. தண்ணீர் திரும்பி வரும்போது முன்னால் அலை எதுவும் அடிக்காது. ஓடைகள் வழியாகச் சத்தமில்லாமல் உங்களுக்குப் பின்னால் போய் நிறைந்துவிடும். உள்ளூர்க்காரர்களோடு சிப்பி பொறுக்கப் போவதற்கென்றே ஏற்பாடு செய்யும் ஊர்கள் உண்டு, அங்கே போய் இறங்கிக்கொள்ளலாம்.

நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் தீவிலுள்ள பொமுன்சா கோயிலுக்குப் போய்விடலாம். நானூறுக்கு மேல் படி ஏறினால் பாறையில் செதுக்கிய பெரிய அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர். 1928-இல் செதுக்கியது. அங்கிருந்து மேற்குக் கடல் முழுக்கத் தெரியும். சேற்றின் மேல் தண்ணீர் விரல் விரலாக நுழைவதை மேலிருந்து பார்ப்பதுதான் நல்லது. சாப்பாட்டுக்குக் கங்ஹ்வாவில் பெண்டெங்கி என்ற சின்ன மீன் பேர் போனது, மே, ஜூனில்தான் அதற்குப் பருவம். மீன் சாப்பிடாதவர்கள் இந்த ஊர் நூல்கோல் மாதிரியான கிழங்கில் போடும் கிம்ச்சியைக் கேட்டு வாங்கலாம்; ஆனால் கிம்ச்சியில் இறால் ஊறல் சேர்த்திருப்பார்கள், சுத்த சைவம் என்றால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது அந்தப் படகு நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தது. மதியம் நண்டு பார்த்த இடம் தண்ணீருக்குள். “நாம நின்ன இடம் எதுன்னு சொல்ல முடியுதா அக்கா?” என்றான் பையன். முடியவில்லை. கணவருக்கு வீடியோ கால் போட்டுக் காட்ட எடுத்த போனைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு, கரையோரக் கல்லில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரியாவில் ‘மெதுவான தபால்பெட்டி’ என்று ஒன்று பல சுற்றுலா இடங்களில் இருக்கிறது. இன்று போட்டால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் போய்ச் சேரும். 2009-இல் இஞ்சியோன் யொங்ஜோங் பாலத்தருகே வைத்ததுதான் முதலாவது என்கிறார்கள். பல இடங்களில் கார்டே இலவசமாகக் கிடைக்கும். முகவரி மட்டும் பெரும்பாலும் கொரியாவுக்குள் இருக்க வேண்டும். என்னைப் போல ஒப்பந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் கழித்து எந்த முகவரியில் இருப்போம் என்பதே தெரியாது. வீட்டு முகவரி போடாமல், ஒரு வருடம் கழித்தும் அங்கேயே இருக்கப்போகிற ஒருவரின் முகவரியைக் கேட்டுப் போடுங்கள். நான் ஆய்வக அம்மாவின் பெயரைப் போட்டேன். வீடு மாறுபவர்கள் தபால் நிலையத்தில் பதிந்துவைத்தால் சில மாதங்களுக்குப் பழைய முகவரித் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள். உன்-ஜு அடுத்த ஆளிடம் கெஞ்சிக் கேட்ட வேலையை இப்போது தபால் துறையே செய்கிறது.

வழவழப்பான கார்டில் ஜெல் பேனா தீற்றிவிடும், சாதாரண பால்பாயின்ட் பேனாவே சரி. தேதியை வருடத்தோடு போடுங்கள். பெரிய விஷயம் எழுத வேண்டும் என்று யோசித்துக்கொண்டே கார்டைத் திரும்பக் கொண்டுவந்தவர்களை எனக்குத் தெரியும். அன்றைக்கு முட்டை என்ன விலை, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தச் செருப்பு போட்டிருக்கிறீர்கள், எந்தப் பல் வலிக்கிறது, இதை எழுதுங்கள். ஒரு வருடம் கழித்துப் படிக்கும்போது ‘உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற வரியைக் கண் தாண்டிப் போய்விடும். பல் வலி நிற்கும். கேள்வி கேட்பதானால் ஒரு வருடம் கழித்தும் கெட்டுப்போகாத கேள்வியாகக் கேளுங்கள். ‘நாளைக்கு டாக்டரைப் பார்ப்பீங்களா?’ ஆகாது. ‘அத்தை அந்த இன்னொரு கையையும் பின்னிட்டாங்களா?’ ஆகும்.

சரி, படத்தின் முடிவு. இருவரும் ஜேஜு தீவுப் பக்கத்திலுள்ள ஒரு கடற்கரையில் சந்திப்பதாகத் திட்டம் போடுகிறார்கள். அவளுக்கு அது சில நாளில், அவனுக்கு இரண்டு வருடம் காத்திருந்த பிறகு. அவள் போய் நிற்கிறாள். அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இருவருக்குமே தெரியாது. அந்தக் காட்சியை எடுத்த உடோ தீவின் வெள்ளைக் கரைக்கு, சொங்சான் துறையிலிருந்து படகில் போய்விடலாம். அந்த வெள்ளை, மணல் இல்லை, கடற்பாசி இறுகி உருண்ட கட்டிகள். சட்டப்படி பாதுகாத்த இடம், நினைவுக்கென்று ஒரு பிடிகூட அள்ளி வரக்கூடாது.

பிறகு உன்-ஜு கடைசி வேலை ஒன்றைச் சொல்கிறாள். தன்னை விட்டுப் போன பழைய காதலனைத் தடுத்து நிறுத்தச் சொல்லி, தன்னைக் காதலிப்பவனையே அனுப்புகிறாள். அந்த வேலையைச் செய்யப் போன இடத்தில்தான் அவன் விபத்தில் சாகிறான். இது தெரிந்தவுடன், போகாதே என்று எழுதிக்கொண்டு தபால்பெட்டிக்கு ஓடி வந்து அழுகிறாள். கடைசிக் காட்சியில், முதல் கார்டை எழுதி வைத்துவிட்டு அவள் வீட்டைக் காலி செய்யும் அந்த நாளில், கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வந்து நிற்கிறான். ஒரு நீண்ட கதை சொல்லப்போகிறேன், நம்புவாயா என்கிறான்.

இதைச் சந்தோஷமான முடிவு என்கிறார் என் கணவர். எனக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை. அவன் முன்னால் நிற்கும் உன்-ஜுவுக்கு ஒன்றுமே தெரியாது. அந்தக் கடிதங்களை எல்லாம் எழுதியவள், ரெக்கார்டரைக் கேட்டவள், கடற்கரையில் காத்திருந்தவள், பெட்டியின் அடியில் உட்கார்ந்து அழுதவள் எங்கே போனாள்? அவனைக் காப்பாற்றிய கணத்தில் அவளுடைய அந்த மாதங்கள் நடக்காமலே போய்விட்டன. அவன் ஒருவனுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

“அவ கையெழுத்து அவன் கையில இருக்குல்லம்மா, அதைக் காட்டினா நம்பிடுவா” என்றார் இவர்.

“நம்புவா. ஆனா அது அவ எழுதினதுன்னு நம்பணும். எழுதினப்ப என்ன தோணிச்சுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

அன்றைக்கு அங்கே ஏழரை மணி, மின்சாரம் போய்விட்டது. பதிலைத் தாளில் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.